குடல் புற்றுநோய்க்கு ஸ்டேஜ் பிறந்த கதை

இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய சமயத்தில், லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் மலக்குடல் புற்றுநோய் வந்த 57 பேருக்கு அறுவை செய்தார். ஆசனவாய்ப் பக்கமாகக் கீறி, கட்டி இருக்கும் பகுதியை எடுத்துவிடுவது அன்றைய வழக்கம். அந்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பி வந்தது. மைல்ஸ் இந்தக் கணக்கை மறைக்கவில்லை; இதழில் எழுதி வெளியிட்டார். இறந்துபோனவர்களின் உடலைத் திறந்து, தன் கத்திக்குத் தப்பிய நோய் எங்கே மிச்சமிருந்தது என்று தேடினார். குடலுக்கு மேலே, ரத்தக்குழாய்களை ஒட்டி ஏறிச்செல்லும் நிணநீர்க் கணுக்களில் அது இருந்தது. 1908-ல், வயிற்றைத் திறந்து மேலிருந்தும் பிறகு கீழிருந்தும் அறுத்து, குடலோடு அந்தக் கணுக்களையும் சேர்த்தெடுக்கும் பெரிய அறுவையை 'லான்செட்' இதழில் விவரித்தார்.

சிக்கல் அதன் பிறகுதான் ஆரம்பித்தது. முன்பு ஏறக்குறைய எல்லோருக்கும் நோய் திரும்பியது. இப்போது சிலர் பிழைத்தார்கள், சிலர் பிழைக்கவில்லை. யார் எந்தப் பக்கம் என்று அறுவை முடிந்த அன்றைக்குச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஒரு மருத்துவர், தன்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் ஐந்து வருடம் கழித்தும் நன்றாக இருப்பதாகச் சொல்வார். இன்னொருவர் கால்வாசிப் பேர் என்பார். முதலாமவருக்குக் கைத்திறன் அதிகமா, இல்லை அவரிடம் நோய் முற்றாதவர்களாகவே வந்தார்களா? இதைப் பிரித்துப் பார்க்க அளவுகோல் எதுவும் கிடையாது.

அந்த அளவுகோல்தான் ஸ்டேஜ். நோயாளிக்கு நாள் குறிப்பதற்காக அதை யாரும் உண்டாக்கவில்லை. ஒரே அளவு முற்றிய நோயை ஒரே வரிசையில் வைத்து, எந்த வைத்தியம் நல்லது என்று நேர்மையாக ஒப்பிடவே அது பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் "எந்த ஸ்டேஜ்?" என்று கேட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கதை நடந்த இடம், லண்டன் சிட்டி ரோட்டில் இருந்த செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை. 1835-ல் ஃபிரெடெரிக் சால்மன் என்ற மருத்துவர் ஏழே படுக்கைகளை வைத்துக்கொண்டு ஏழைகளுக்காகத் தொடங்கியது. பவுத்திரம், மூலம் என்று வெளியில் சொல்லக் கூச்சப்படும் நோய்களுக்கான இடம். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்கு 1841-ல் பவுத்திர அறுவை செய்தவர் இந்தச் சால்மன்தான். மயக்க மருந்து புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய காலம். ஒரே வகை நோயாளிகள் ஒரே இடத்துக்கு வருடக்கணக்காக வந்துகொண்டிருந்ததால், பொது மருத்துவமனைகளில் எளிதில் அமையாத ஒன்று அங்கே அமைந்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான எண்ணிக்கை.

1920களில் அங்கே பெயர் பெற்ற அறுவை மருத்துவர் ஜான் பெர்சி லாக்ஹார்ட்-மம்மரி. தான் அறுவை செய்த 200 மலக்குடல் புற்றுநோயாளிகளின் விவரத்தை அவர் 1920களின் பின்பாதியில் வெளியிட்டார். அதில் அவர்களை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருந்தார். முற்றாத நோய் ஏ, நடுத்தரம் பி, மிகவும் முற்றியது சி. எழுத்துகள் பிறந்துவிட்டன. ஆனால், அறுவை செய்கிறவரின் கண்ணுக்கும் கைக்கும் எட்டியதை வைத்துத்தான் இந்தப் பிரிவு. ஒருவர் கைக்கு நடுத்தரமாகப் படுவது இன்னொருவர் கைக்கு முற்றியதாகப் படலாம். எழுத்துகளுக்கு உறுதியான பொருள் கொடுக்க வேறொருவர் வேண்டியிருந்தது.

அவர் பெயர் கத்பர்ட் டியூக்ஸ். 1890-ல் இங்கிலாந்தின் சோமர்செட் மாவட்டத்தில் பிறந்தவர். தந்தை கிறித்தவப் போதகர். அண்ணன் தம்பிகள் எல்லோருமே தனித்தனி வழியில் பேரெடுத்த குடும்பம் அது. ஓர் அண்ணன் ஆஷ்லி நாடக ஆசிரியர். இன்னோர் அண்ணன் பால், புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் மாறுவேடத்தில் உளவு பார்த்து, 1920-ல் பிரிட்டிஷ் அரசரிடம் சர் பட்டம் வாங்கியவர். கத்பர்ட் எடின்பரோவில் மருத்துவம் படித்தார்; முதல் உலகப் போரில் போர்முனையில் மருத்துவராக இருந்து விருது பெற்றார். 1922-ல் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனைக்கு அதன் முதல் பத்தாலஜிஸ்டாக வந்து சேர்ந்தார். நோயாளியைப் பார்த்து நாடி பிடிக்கும் வேலை இல்லை அது. நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்ததைப் பார்க்கும் வேலை.

அந்த நாளில் புற்றுநோயின் கடுமையை அளக்கச் செல்வாக்கோடு இருந்த வழி வேறு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆல்பர்ட் பிராடர்ஸ் என்பவர், மைக்ராஸ்கோப்பில் செல்கள் எவ்வளவு உருமாறிப்போயிருக்கின்றன என்று பார்த்து ஒன்றிலிருந்து நான்குவரை தரம் பிரித்திருந்தார். செல்லின் முகத்தைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்லும் முறை. இன்றும் ரிப்போர்ட்டில் 'கிரேடு' என்று வருவது இதன் வழித்தோன்றல்தான். பலர் அதையும் ஸ்டேஜையும் ஒன்றென்று எண்ணிக் குழம்புகிறார்கள். டியூக்ஸும் இந்தத் தரத்தைப் பார்த்தார். ஆனால், நோயாளி பிழைப்பாரா என்பதைச் சொல்வதில் அதைவிட நம்பகமான இன்னொன்று அவருக்குப் புலப்பட்டது. செல் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டிலும், அது எதுவரை போயிருக்கிறது என்பதே பெரிய சேதி.

எதுவரை போயிருக்கிறது என்று பார்ப்பது லேசான காரியம் அல்ல. அறுவை அறையிலிருந்து வந்த குடலை நீளவாக்கில் திறந்து, கழுவி, விரித்துப் பொருத்தி, ஃபார்மலினில் ஊறவைக்க வேண்டும். சதை இறுகிய பிறகு, குடலோடு ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கொழுப்புக்குள் ரத்தக்குழாயின் வழியே கணுக்கள் புதைந்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, அது எந்த இடத்தில் இருந்தது என்று படத்தில் குறித்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒரு நோயாளிக்கு முப்பது நாற்பது கணுக்கள்கூட இருக்கும். டியூக்ஸுக்கு உதவியாக டிக் பஸ்ஸி என்ற இளைஞர் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தார். மருத்துவப் பட்டம் இல்லாதவர். பிறகு பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து, பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் வரும் குடும்பங்களின் பதிவேட்டைப் பேணி வளர்த்து, அதையே ஆராய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார். ஸ்டேஜின் வரலாற்றை எழுதுகிறவர்கள் டியூக்ஸ் பெயரோடு நிறுத்திவிடுவது வழக்கம். பஸ்ஸியின் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

இப்படி நூற்றுக்கணக்கான குடல்களைப் பிரித்துப் பார்த்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. புற்றுநோய் குடலின் உட்புறச் சவ்வில் தொடங்குகிறது. சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் கணுக்களுக்குப் போகிறது. சுவருக்குள் அடங்கியிருக்கும்போது கணுவில் நோய் இருப்பது அபூர்வம். லாக்ஹார்ட்-மம்மரியின் மூன்று எழுத்துகளையே டியூக்ஸ் எடுத்துக்கொண்டு, 1932-ல் இந்த ஒழுங்கை அவற்றுக்குள் வைத்தார். குடல் சுவரைத் தாண்டாதது ஏ. சுவரைத் தாண்டிச் சுற்றியிருக்கும் கொழுப்புக்கு வந்துவிட்டது, ஆனால் கணுவில் இல்லை என்றால் பி. கணுவில் இருந்தால் சி. அவ்வளவுதான். கட்டி பெரிதா சிறிதா என்ற கேள்வியே இதில் இல்லை. இன்றைக்கும் குடல் புற்றுநோயின் ஸ்டேஜுக்கும் கட்டியின் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. "ஆறு சென்டிமீட்டர் இருக்காமே" என்று பதறுகிற குடும்பத்துக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். மார்பகத்தில் அளவுக்கு மதிப்புண்டு. குடலில் ஆழத்துக்குத்தான் மதிப்பு.

1935-ல் டியூக்ஸும் பஸ்ஸியும் அறுவை மருத்துவர் கேப்ரியலும் சேர்ந்து சி-யை மேலும் இரண்டாக்கினார்கள். கட்டிக்குப் பக்கத்துக் கணுக்களில் மட்டும் நோய் இருந்தால் சி1. ரத்தக்குழாயை முடிச்சுப்போட்ட உச்சிவரை கணுக்களில் ஏறியிருந்தால் சி2. மைல்ஸ் பிணங்களில் தேடிக் கண்டதை இவர்கள் வெட்டியெடுத்த குடலிலேயே படிப்படியாகக் காட்டிவிட்டார்கள்.

வகை பிரித்ததோடு வேலை முடியவில்லை. அந்த வகை உண்மைதானா என்று காலம்தான் சொல்ல வேண்டும். அறுவை முடிந்து வீடு திரும்பியவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று வருடந்தோறும் விசாரித்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது, லண்டனில் குண்டு விழுந்தது, பதிவேடு நிற்கவில்லை. 1958-ல் டியூக்ஸும் பஸ்ஸியும் இரண்டாயிரத்துக்கும் அதிகமான நோயாளிகளின் கணக்கை வெளியிட்டார்கள். வேறு காரணங்களால் இறந்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் ஏ-யில் 97.7 சதவீதம், பி-யில் 77.6, சி-யில் 32. குடல் புற்றுநோய்க்குக் கீமோதெரபி இல்லாத காலம். அறுவை ஒன்றே வைத்தியம். அதே கணக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது. அறுவைக்கு வந்தவர்களில் ஏ வெறும் 15 சதவீதம், பி 35, சி 50. அதாவது, ஏறக்குறைய எல்லோரும் பிழைக்கும் கட்டத்தில் ஏழில் ஒருவர்தான் வந்திருக்கிறார். இருவரில் ஒருவர் சி-க்குப் போன பிறகு வந்திருக்கிறார். இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது.

எளிமையான எதற்கும் ஒரு சோதனை உண்டு: எல்லோரும் அதைத் திருத்த வருவார்கள். டியூக்ஸ் மலக்குடலுக்கென்று வகுத்ததை 1939-ல் மேயோ கிளினிக்கில் பெருங்குடலுக்கும் நீட்டினார்கள். 1949-ல் அங்கேயே இன்னொரு குழு பி-யை இரண்டாகப் பிரித்தது. 1954-ல் மிச்சிகனில் ஆஸ்ட்லர், காலர் என்ற இருவர் சி-யையும் பிரித்தார்கள். ஆனால், டியூக்ஸைப் போலக் கணுவின் உயரத்தை வைத்து அல்ல, கட்டி சுவரைத் தாண்டியதா என்பதை வைத்து. 1967-ல் கிளீவ்லாந்தின் ரூபர்ட் டர்ன்புல், கல்லீரல் முதலிய தூரத்து உறுப்புகளுக்குப் பரவியதற்கு நான்காவது எழுத்தையும் சேர்த்தார். இன்று 'டியூக்ஸ் ஸ்டேஜ்' என்று நான்கு எழுத்துகளைச் சொல்வார்கள். டியூக்ஸ் எழுதியது மூன்றுதான். அவர் வெட்டியெடுத்த குடலை வைத்து எழுதினார். கல்லீரல் அவர் மேசைக்கு வரவில்லை.

விளைவு, பெரும் குழப்பம். லண்டனில் சி1 என்றால் ஒன்று, மிச்சிகன் முறையைப் பின்பற்றும் ஊரில் சி1 என்றால் வேறொன்று. மேயோவின் பழைய பி1, அசல் டியூக்ஸ் முறையில் ஏ. ஒப்பிடுவதற்காகப் பிறந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிட முடியாமல் போனது.

இதற்கு விடை பிரான்ஸில் தயாராகிக்கொண்டிருந்தது. பாரிஸை அடுத்த வில்ஜுயிஃபில் உள்ள குஸ்தாவ் ரூசி புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த பியேர் தெனுவா, 1943-லிருந்து 1952 வரை ஒரு யோசனையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தொடங்கிய காலத்தில் பாரிஸ் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. உடலின் எந்த உறுப்பில் வரும் புற்றுநோய்க்கும் மூன்றே கேள்விகள் கேட்போம் என்பது அவர் யோசனை. தோன்றிய இடத்தில் கட்டி எந்த அளவு போயிருக்கிறது? கணுக்களுக்கு வந்ததா? தூரத்துக்குப் போனதா? கட்டிக்கு டி, கணுவுக்கு என், தூரப் பரவலுக்கு எம். மூன்றுக்கும் தனித்தனியாக எண் போடுவது. டியூக்ஸ் கட்டியையும் கணுவையும் ஓர் எழுத்தில் அடக்கப் பார்த்தார். தெனுவா பிரித்து வைத்தார். பிரித்து வைத்ததால், பின்னால் வருகிறவர்கள் வேண்டியபடி சேர்த்துக்கொள்ள முடிந்தது. சர்வதேசப் புற்றுநோய் எதிர்ப்புச் சங்கம் இதை ஏற்று 1968-ல் சிறு கையேடாக வெளியிட்டது. அமெரிக்கர்கள் 1959-ல் தங்களுக்கென ஒரு கூட்டுக்குழு அமைத்து, 1977-ல் தனிக் கையேடு போட்டார்கள். அட்லாண்டிக்கின் இரு கரையும் ஒரே விதிக்கு வந்தது 1987-ஐ ஒட்டித்தான். சண்டை தீர அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

இன்று சென்னையிலோ மதுரையிலோ குடல் அறுவை முடிந்து கைக்கு வரும் ரிப்போர்ட்டில் இருப்பது இந்த டி.என்.எம்.தான். குடல் சுவரை உள்ளிருந்து வெளியே எண்ணிக்கொண்டு போனால் டி விளங்கிவிடும். சளிச்சவ்வுக்குள்ளேயே இருந்தால் அது ஸ்டேஜ் 0. அந்தச் சவ்வில் பரவுவதற்கான நிணநீர்ப் பாதை கிட்டத்தட்ட இல்லை, அதனால் எடுத்தால் தீர்ந்தது. சவ்வுக்கு அடியில் உள்ள அடுக்குக்கு இறங்கினால் டி1. தசைக்குள் போனால் டி2. தசையைத் தாண்டிக் கொழுப்புக்குள் வந்தால் டி3. குடலின் வெளிப்போர்வையையும் கிழித்துவிட்டால் டி4ஏ. பக்கத்து உறுப்பில் போய் ஒட்டினால் டி4பி. கணுவில் எண்ணிக்கைதான் கணக்கு: ஒன்றிலிருந்து மூன்றுவரை என்1, நான்கும் அதற்கு மேலும் என்2. கணுவே இல்லாமல் கொழுப்பில் மட்டும் நோய்த் துளிகள் கிடந்தாலும் அது என்1-ல்தான் சேரும். கணுவில் நோய் இல்லாத டி1, டி2 ஸ்டேஜ் 1. கணுவில் நோய் இல்லாத டி3, டி4 ஸ்டேஜ் 2. கணுவில் இருந்தால், டி எதுவானாலும் ஸ்டேஜ் 3. தூரத்துக்குப் போயிருந்தால் 4. உற்றுப் பார்த்தால் டியூக்ஸின் ஏ, பி, சி அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

இந்த எழுத்துகளுக்கு முன்னால் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். பலர் அதைக் கவனிப்பதில்லை. 'சி' (c) என்றால் அறுவைக்கு முன் ஸ்கேன் பார்த்துச் சொன்னது. 'பி' (p) என்றால் வெட்டியெடுத்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னது. சி.டி. ஸ்கேனில் ஒரு கணு பெரிதாகத் தெரிந்தால் அதில் நோய் இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. வெறும் அழற்சியாக இருக்கலாம். சின்னக் கணுவில் நோய் ஒளிந்திருக்கவும் கூடும். அதனால்தான் அறுவைக்கு முன் "ஸ்டேஜ் 2 மாதிரி தெரியுது" என்ற மருத்துவர், பத்து நாள் கழித்து "ஸ்டேஜ் 3" என்கிறார். நோய் பத்து நாளில் முற்றிவிடவில்லை. இப்போதுதான் சரியாகப் பார்த்திருக்கிறார்கள்.

சரியாகப் பார்ப்பது என்றால் என்ன? பத்தாலஜி துறையின் அந்த அறைக்குள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். வெட்டுப் பலகையில் முக்கால் அடி, ஒரு அடி நீளத்துக்குக் குடல். வெட்டுமுனை எதுவரை என்று பிறகு மைக்ராஸ்கோப்பில் தெரிவதற்காக அதன் வெளிப்பரப்பில் மை பூசியிருப்பார்கள். கட்டி இருக்கும் இடத்தில் சுவரோடு சேர்த்துத் துண்டுகள் போட்டு எடுத்தாகிவிட்டது. இனி அந்த மஞ்சள் கொழுப்பு. இளம் மருத்துவர் அதை மெல்லிய துண்டங்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தித் தடவிப் பார்க்கிறார். கொழுப்பு நசுங்கும், கணு நசுங்காது. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும் பல கணுக்கள். நோய் பரவிய கணுவும் ஐந்து மில்லிமீட்டருக்குள்ளேயே இருப்பது சகஜம். கண் தேடுவதைவிட விரல்தான் தேடுகிறது. ஒரு கணு கிடைத்ததும் சிறு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு எண் குறிக்கிறார். அது மெழுகில் உறைந்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்பும் ஏறி, மறுநாளோ அதற்கு மறுநாளோ கண்ணாடித் தகடாக மேசைக்கு வரும். இந்தத் தேடலை அலுக்காமல் ஒரு மணி நேரம் செய்தால் இருபது கணு கிடைக்கலாம். அவசரமாக முடித்தால் ஆறு.

அந்த ஆறுக்கும் இருபதுக்கும் நடுவில்தான் ஒருவருடைய ஸ்டேஜ் இருக்கிறது. நோய் பதினேழாவது கணுவில் மட்டும் இருந்தால், ஆறோடு நிறுத்தியவருக்கு அது ஸ்டேஜ் 2. இருபது தேடியவருக்கு ஸ்டேஜ் 3. 1990-ல் சிட்னியில் கூடிய குடலியல் நிபுணர் குழு, குறைந்தது 12 கணுக்களாவது பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று உலகம் முழுக்க அதுவே அளவு. 12 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. அதற்குக் குறைந்தால் "கணுவில் நோய் இல்லை" என்ற சொல்லை நம்பத் தயக்கம் வருகிறது, அவ்வளவே. மலக்குடலுக்கு முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்திருந்தால் கணுக்கள் சுருங்கிவிடும். அப்போது எண்ணிக்கை குறைவது இயல்பு.

நன்றாகத் தேடுவதால் விசித்திரமான ஒன்றும் நடக்கும். யேல் பல்கலைக்கழகத்தின் ஆல்வன் ஃபெய்ன்ஸ்டீன் 1985-ல் நுரையீரல் புற்றுநோயை வைத்து இதை விளக்கினார். வில் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவையாளரின் பெயரை அதற்கு வைத்தார். ஒரு மருத்துவமனை முன்பைவிடக் கவனமாகக் கணுத் தேடத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஸ்டேஜ் 2 என்று எண்ணப்பட்ட சிலர் இப்போது 3-க்குப் போவார்கள். ஸ்டேஜ் 2-ல் இருந்தவர்களில் ஆபத்து அதிகமானவர்கள் இவர்கள்தான்; இவர்கள் கிளம்பியதும் ஸ்டேஜ் 2-ன் சராசரி உயரும். ஸ்டேஜ் 3-க்குள் நுழையும்போதோ அங்கே இருப்பவர்களில் நோய் மிகக் குறைந்தவர்கள் இவர்கள்தான்; அதனால் அந்தச் சராசரியும் உயரும். இரண்டு வரிசையிலும் புள்ளிவிவரம் மேம்பட்டுவிடும். ஒருவர்கூட ஒரு நாள் கூடுதலாக வாழ்ந்திருக்கமாட்டார். இணையத்தில் "ஸ்டேஜ் 3 எத்தனை சதவீதம்" என்று தேடிக் கிடைக்கும் எண், யார் எவ்வளவு கவனமாகத் தேடிய எண் என்று தெரியாமல் அதை நம்பியோ அஞ்சியோ பயனில்லை.

அந்த எண்கள் ஏறுவரிசையில் ஒழுங்காக நிற்பதும் இல்லை. 1991-லிருந்து 2000 வரை அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய் கண்ட கிட்டத்தட்ட 1.2 லட்சம் பேரின் பதிவுகளை 2004-ல் ஆராய்ந்து பார்த்தார்கள். ஐந்தாண்டு பிழைத்தவர்கள் ஸ்டேஜ் 3ஏ-யில் 83 சதவீதம். ஸ்டேஜ் 2பி-யில் 72. மூன்று இரண்டைவிட நன்றாக இருக்கிறது. 3ஏ என்பது சுவருக்குள் அடங்கிய கட்டி, மூன்றுக்கு மிகாத கணுக்களில் மட்டும் நோய். கணுவில் நோய் என்றதும் பெரும்பாலும் கீமோ கொடுத்துவிடுவார்கள். 2பி என்பது வெளிப்போர்வையைக் கிழித்த டி4. கணு சுத்தம் என்று பலருக்குக் கீமோ தரப்படாமல் போனது, பார்க்காத கணுக்களில் நோய் இருந்திருக்கவும் வாய்ப்புண்டு. பெரிய எண் என்றால் பெரிய ஆபத்து என்பது எப்போதும் உண்மையல்ல.

கீமோ வந்த பிறகு ஸ்டேஜின் பொருளே மாறிவிட்டது. 1990-ல் மேயோ கிளினிக்கின் சார்லஸ் மோர்ட்டல் தலைமையில் நடந்த ஆய்வு, டியூக்ஸ் சி நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் ஃப்ளூரோயூராசிலும், குடற்புழு மருந்தாக அறியப்பட்ட லெவாமிசோலும் கொடுத்தபோது இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. லெவாமிசோல் பின்னால் கைவிடப்பட்டது, ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்தது. ஸ்டேஜ் 3 என்றால் கீமோ என்ற வழக்கம் அன்று ஊன்றியதுதான். 2018-ல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தபோது, டி4-ம் என்2-ம் இல்லாத ஸ்டேஜ் 3 நோயாளிகளில் பலருக்கு, சரியான மருந்துச் சேர்க்கை என்றால் ஆறு மாதத்துக்குப் பதிலாக மூன்று மாதக் கீமோவே போதும் என்று தெரிந்தது. கை கால் மரத்துப்போகும் பக்கவிளைவில் அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். விரலால் தேடி எண்ணிய அந்தக் கணுக்களின் எண்ணிக்கைதான் ஒருவர் மூன்று மாதம் மருந்து ஏற்றிக்கொள்வாரா, ஆறு மாதமா என்பதில் வந்து நிற்கிறது. 2022-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள், ஸ்டேஜ் 2 நோயாளிகளின் ரத்தத்தில் கட்டியின் டி.என்.ஏ. மிதக்கிறதா என்று பார்த்துக் கீமோவை முடிவுசெய்தார்கள். கீமோ வாங்கியவர்கள் 28 சதவீதத்திலிருந்து 15-ஆகக் குறைந்தார்கள். நோய் திரும்புவது கூடவில்லை. டியூக்ஸ் கொழுப்பில் தேடியதை இவர்கள் ரத்தத்தில் தேடுகிறார்கள்.

டியூக்ஸ் 1977-ல் மறைந்தார். செயின்ட் மார்க்ஸ் 1995-ல் சிட்டி ரோட்டை விட்டு ஹாரோவுக்கு மாறியது.

வீட்டில் யாருக்காவது குடல் அறுவை நடந்திருந்தால், பயாப்ஸி ரிப்போர்ட்டின் கடைசி வரிக்கு முதலில் தாவாதீர்கள். மேலே, எத்தனை கணுக்கள் பார்க்கப்பட்டன, அவற்றில் எத்தனையில் நோய் என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடி வாசியுங்கள். முன்பே கதிர்வீச்சோ கீமோவோ தராத நிலையில் அந்த எண் 12-க்குக் குறைவாக இருந்தால், இன்னும் தேடிப் பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். வெட்டியெடுத்த குடலின் மிச்சத்தை ரிப்போர்ட் கொடுத்த பிறகும் பொதுவாகச் சில வாரங்கள் ஃபார்மலினில் வைத்திருப்பார்கள். அதற்குள் கேட்டால் மறுபடியும் தேடலாம். கொட்டிவிட்ட பிறகு கேட்டால் முடியாது.